நிறுத்திய பிரேம் எதைக் காட்டுகிறது?

ஓடுகிற படத்தை நிறுத்தியோ மெதுவாக்கியோ பிரேம் பிரேமாக நகர்த்தியோ பார்க்கும்போது கண்ணுக்குத் தப்பிய உண்மை புலப்படுகிறதா, அல்லது நிகழ்ச்சியில் இல்லாத ஒன்றைக் கருவி உண்டாக்கித் தருகிறதா? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூற்றைம்பது வயதாகிறது. உடலியலாளர், தத்துவவாதி, தொழிற்சாலைப் பொறியாளர், குழந்தை உளவியலாளர், மானிடவியலாளர், விசாரணை ஆணையம், சோதனைத் திரைப்படக் கலைஞர் என்று பலரும் விடை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு துறையின் விடை இன்னொரு துறையின் காதுக்கு எட்டியது குறைவு.

இவர்களில் பலரை இணைப்பது ஒரே வகைக் கருவி. வீட்டுப் படமெடுக்க விற்பனைக்கு வந்த 16 மி.மீ., 8 மி.மீ. கேமராக்களைத் தங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றியமைத்துப் படம்பிடித்தார்கள். வேண்டிய இடத்தில் நிறுத்தவும், பின்னோக்கி ஓட்டவும், ஒவ்வொரு பிரேமாகத் தள்ளவும் வசதி செய்த பகுப்பாய்வு புரொஜெக்டர்களில் அந்தப் படங்களைப் படித்தார்கள். இந்தக் கட்டுரை அவர்களுடைய விடைகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே தளர்கிறது என்று பார்க்கிறது. விடைகளுக்கு இடையிலான வேறுபாட்டில் கொள்கைக்கு உள்ள பங்கைவிடக் கருவிக்கு உள்ள பங்கு பெரிது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

கேள்வி பிறந்த இடம்

1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, பிரெஞ்சு வானியலாளர் ழான்சென் சுழலும் தட்டில் அடுத்தடுத்துப் படமெடுக்கும் கருவியைப் பயன்படுத்தினார். 1878-இல் கலிஃபோர்னியாவில் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ், வரிசையாக வைத்த 12 கேமராக்களால் ஓடும் குதிரையைப் பிடித்தார். நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்பது உறுதியானது. முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டிப் பாயும் குதிரையை வரைந்துவந்த ஓவியர்களின் வழக்கம் ஆட்டம் கண்டது. 1882-இல் உடலியலாளர் மாரே, வினாடிக்கு 12 படம் பிடிக்கும் புகைப்படத் துப்பாக்கியைச் செய்தார்.

இந்தத் தொடக்கத்திலேயே ஒரு பிளவு இருந்தது. மைபிரிட்ஜ் தன் படங்களை மறுபடி இயங்கச் செய்து அவையோர்க்குக் காட்டினார். ஆனால் அவருடைய கருவியின் கண்ணாடித் தட்டில் இருந்தவை புகைப்படங்களைப் பார்த்துக் கையால் தீட்டியவை. கருவி உருவத்தை ஒடுக்கிக் காட்டும் என்பதால் குதிரையை வேண்டுமென்றே நீட்டி வரைந்திருந்தார்கள். ஆராய்ந்த படம் ஒன்று, திரையில் ஓடிய படம் இன்னொன்று. மாரேவுக்கோ, கண்ணுக்கு ஏற்கெனவே தெரிவதைத் திரையில் மறுபடி காட்டுவதில் ஆர்வமில்லை. இயக்கத்தை மெதுவாக்கினாலோ விரைவாக்கினாலோதான் அறிவியலுக்குப் பயன் என்பது அவர் நிலை.

தத்துவத் தரப்பிலிருந்து முதல் பெரிய மறுப்பு 1907-இல் பெர்க்சனிடமிருந்து வந்தது. இயக்கம் பிளவுபடாதது; அசையாப் படங்களை எத்தனை அடுக்கினாலும் அது வராது; திரையில் தெரியும் அசைவு புரொஜெக்டருக்குள் இருக்கும் அசைவு என்றார் அவர். இதை ஏற்றால், நிறுத்திய பிரேம் இயக்கத்தைப் பற்றி எதுவுமே சொல்லாது. இதற்கு நேரெதிர் முனையில் 1920களிலும் 1930களிலும் திரைப்பட இயக்குநர்கள் எப்ஸ்தேன், வெர்தோவ், சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் ஆகியோர் நின்றார்கள். மெதுவியக்கமும் அண்மைக் காட்சியும் வெறும் கண்ணுக்கு எட்டாத ஓர் உலகத்தைத் திறக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. பின்னர் வந்த நிலைகள் பெரும்பாலும் இந்த இரு முனைகளுக்கு நடுவே எங்கோ அமர்கின்றன.

நிறுத்துவதற்கு ஒரு கருவி

படத்தை நிறுத்திப் பார்ப்பது நீண்ட காலம் ஆபத்தான காரியமாக இருந்தது. 35 மி.மீ. நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். விளக்குக்கு முன்னால் அது சில கணம் நின்றாலே போதும். 1922-இல் பாத்தே நிறுவனம் கொண்டுவந்த 9.5 மி.மீ. பிலிமும், 1923-இல் கோடாக் கொண்டுவந்த 16 மி.மீ. பிலிமும் எளிதில் பற்றாத அசிடேட் அடிப்படையில் அமைந்தவை. வீட்டுக்குள் தீ விபத்து வேண்டாம் என்று செய்த ஏற்பாடு ஆராய்ச்சிக்கும் வழிவிட்டது. பாத்தே பேபி புரொஜெக்டரில் நிறுத்தம் பொறியிலேயே இருந்தது: பிலிமின் ஓரத்தில் ஒரு வெட்டு வந்தால், எழுத்துப் பலகை இருக்கும் அந்தப் பிரேம் சில வினாடி நின்றுவிட்டு நகரும். பிலிமை மிச்சம் பிடிக்கச் செய்த உத்தி அது. 1932-இல் 8 மி.மீ., 1965-இல் சூப்பர் 8 வந்தன. 16 மி.மீ. பிலிமின் ஓர் அடியில் 40 பிரேம், 8 மி.மீ.யில் 80, சூப்பர் 8-இல் 72.

தீப்பிடிக்காது என்பதால் சேதமே ஆகாது என்று பொருளல்ல. நின்ற பிரேம் சூட்டில் நெளியும், பொசுங்கும். கோடாக் அனலிஸ்ட் போன்ற பகுப்பாய்வு புரொஜெக்டர்கள் வெப்பம் தடுக்கும் கண்ணாடியையும் காற்றாடியையும் கொண்டு இதைச் சமாளித்தன. அதற்கு விலையாக, நிறுத்திய படம் மங்கியது. இரண்டாவது சிக்கல் ஒளித்துடிப்பு. வினாடிக்கு 16 பிரேம் ஓடும் சாதாரண புரொஜெக்டரில் மூன்று இறக்கை ஷட்டர் ஒவ்வொரு பிரேமையும் மூன்று முறை ஒளிரச் செய்து, வினாடிக்கு 48 துடிப்பு என்று கண்ணை ஏமாற்றுகிறது. பிலிமை மெதுவாக்கினால் ஷட்டரும் மெதுவாகிப் படம் விட்டுவிட்டு மின்னும். கோடாக் பேஜன்ட் புரொஜெக்டரை எல்-டபிள்யூ நிறுவனம் மாற்றியமைத்து விற்ற ஆய்வு மாதிரிகள் பிலிமின் நகர்வை ஷட்டரின் சுழற்சியிலிருந்து பிரித்தன. பிலிம் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் துடிப்பு மாறவில்லை. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள், ஏவுகணைச் சோதனைக் கூடங்கள், பல்கலைக்கழகங்கள் என வெவ்வேறு இடங்களில் இவ்வகைக் கருவிகள் புழங்கின.

கேமராவில் செய்த மாற்றங்களை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது காலத்தை மாற்றுவது: வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, பிரேமுக்குள்ளேயே ஒரு கடிகாரத்தை வைப்பது. இரண்டாவது பார்வையை மாற்றுவது: முன்னால் பார்ப்பதுபோல் தோன்றிப் பக்கவாட்டில் படமெடுக்கும் கண்ணாடி லென்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது ஒலியைப் பொருத்துவது: 1960-ஐ ஒட்டி லீக்காக், பென்னிபேக்கர் முதலான ஆவணப்படக் கலைஞர்கள் கேமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் கம்பித் தொடர்பின்றி ஒரே வேகத்தில் ஓட வைக்க மின்னணுக் கைக்கடிகாரத்தின் அதிர்வைப் பயன்படுத்தினார்கள். நான்காவது கேட்டை, அதாவது பிலிமுக்கு முன்னாலுள்ள சாளரத்தை, அகலப்படுத்துவது: 1969-70 வாக்கில் சுவீடன் ஒளிப்பதிவாளர் ரூனே எரிக்சன் ஒலித்தடத்துக்கு ஒதுக்கிய ஓரத்தையும் சேர்த்துப் படம்பிடிக்கும்படி 16 மி.மீ. கேமராவை மாற்றினார். பிரேமின் அகலம் 10.26 மி.மீ.யிலிருந்து 12.52 மி.மீ. ஆனது, அதுதான் சூப்பர் 16. சூப்பர் 8 கேமராவின் கேட்டை அரத்தால் தேய்த்து அகலமாக்கும் வழக்கமும் பின்னர் பரவியது. இப்படி எடுத்த படத்தைச் சாதாரண புரொஜெக்டரில் போட்டால் கூடுதலாகப் பிடித்த ஓரம் திரைக்கு வராது. பிலிமில் இருப்பதும் திரையில் தெரிவதும் ஒன்றல்ல என்பது இந்தக் கேள்வி முழுவதற்கும் அடிப்படை.

முதல் நிலை: மறைந்திருந்தது வெளிப்படுகிறது

ஆய்வகங்களில் ஓங்கி நின்ற நிலை இது. 1912 முதல் பிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் தொழிலாளர்களின் கையசைவைப் படமெடுத்து, வீண் அசைவுகளைக் களைய முயன்றார்கள். கையால் சுழற்றும் கேமரா சீராக ஓடாது. ஆகவே பிரேமுக்குள் ஒரு நுண்கடிகாரத்தையும் பின்னால் கட்டமிட்ட திரையையும் வைத்தார்கள். கேமராவின் வேகத்தை நம்பாமல், காலத்தைப் படத்துக்குள்ளேயே பதிய வைத்தது அவர்களுடைய கூர்மை.

யேல் பல்கலைக்கழகத்தில் அர்னால்ட் கெசெல் குழந்தைகளை ஒரு குவிமாட அறையில் வைத்துப் படம்பிடித்தார். அப்படங்களிலிருந்து எடுத்த 3,200 பிரேம்களோடு 1934-இல் குழந்தை நடத்தை குறித்த படத்தொகுப்பை வெளியிட்டார். 1936 முதல் 1938 வரை பாலித் தீவில் கிரெகரி பேட்சனும் மார்கரெட் மீடும் 22,000 அடி 16 மி.மீ. பிலிமையும் சுமார் 25,000 புகைப்படங்களையும் எடுத்தார்கள். 1950களின் நடுவில் பேட்சன் எடுத்த ஒரு நேர்காணல் படத்தை மொழியியலாளரும் மானிடவியலாளரும் உளமருத்துவரும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ரே பேர்ட்விஸ்டல், மொழிக்கு ஒலியன்கள் இருப்பதுபோல் உடலசைவுக்கும் அடிப்படை அலகுகள் உண்டு என்று வாதிட்டார்.

இந்த மரபை அதன் எல்லை வரை கொண்டுபோனவர் வில்லியம் காண்டன். வினாடிக்கு 24, 48 பிரேம் வேகத்தில் எடுத்த ஒலிப்படங்களை, கையால் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய புரொஜெக்டரில் பார்த்து, பேச்சின் ஒலிமாற்றத்தோடு உடலின் எந்தப் பகுதி எந்தப் பிரேமில் திசை மாறுகிறது என்று குறித்தார். பேசுகிறவர், கேட்கிறவர் இருவரின் அசைவும் ஒரே பிரேமில் மாறுகிறது என்பது அவருடைய முடிவு. 1974-இல் சாண்டருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், பிறந்து சில நாளேயான சிசுக்களும் பெரியவர் பேச்சுக்கு இயைந்து அசைவதாகச் சொன்னார். இதே காலத்தில் நடத்தையியலாளர் ஐபல்-ஐபெஸ்ஃபெல்ட் கண்ணாடி லென்ஸ் பொருத்திய கேமராவோடு பல நாடுகளில் மக்கள் அறியாமலே படமெடுத்தார். வாழ்த்தும்போது புருவம் சட்டென ஏறி இறங்குவதைப் பல பண்பாடுகளில் கண்டார். அந்த அசைவு ஏறத்தாழ 6-இல் ஒரு பங்கு வினாடி நிற்கும். 24 பிரேம் வேகத்தில் அது 4 பிரேம்தான். 48 பிரேமில் 8. 1966-இல் ஹாகார்ட், ஐசக்ஸ் ஆகிய இருவரும் உளசிகிச்சைப் படங்களை மெதுவாக ஓட்டியபோது, சாதாரண வேகத்தில் புலப்படாத நொடிப்பொழுது முகபாவங்களைக் கண்டதாக அறிவித்தார்கள்.

அந்த நிலை தளரும் இடங்கள்

முதல் ஐயம் புள்ளியியலைச் சார்ந்தது. உடலில் பல உறுப்புகள் ஓயாமல் அசைகின்றன. பிரேமோ வினாடியில் சிறு துண்டு. இருவரின் அசைவு மாற்றங்கள் ஒரே பிரேமில் விழுவது தற்செயலாகவே எத்தனை முறை நடக்கும்? 1978-இல் மெக்டவல் இதைக் கணக்கிட்டு, ஒத்திசைவு தற்செயலை மிஞ்சவில்லை என்றார். 1981-இல் கேட்வுட், ரோசன்வைன் இருவரும், மெக்டவல் எடுத்துக்கொண்ட வரையறை காண்டனுடையது அல்ல என்று மறுத்தார்கள். சிசுக்களின் ஒத்திசைவை 1986-இல் டௌடும் டிரானிக்கும் சோதித்தபோது முந்தைய முடிவு கிடைக்கவில்லை. பேச்சுக்கும் அசைவுக்கும் ஏதோ ஓர் இயைபு உண்டு என்பதை இன்று பலர் ஏற்கிறார்கள். அது பிரேம் அளவுக்குத் துல்லியமானதா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது ஐயம் ஆராய்கிற கையைப் பற்றியது. ஒரே துண்டை நூற்றுக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஓட்டுகிறவர், ஒழுங்கு எங்கே வரும் என்று எதிர்பார்க்கப் பழகிவிடுகிறார். எந்தப் பிரேமில் திசை மாறியது என்ற முடிவை எடுப்பது அவருடைய கண்தான். முடிவு தெரியாத ஒருவரைக் கொண்டு தனியாகக் குறிக்கச் செய்வது இதற்குப் பரிகாரம். முன்னோடிகளின் பணியில் அது எப்போதும் நடக்கவில்லை.

மூன்றாவது, மாதிரி பற்றியது. கில்பிரெத் படங்களில் வேலை செய்தவர்கள் கட்டமிட்ட திரைக்கு முன்னால், கேமராவுக்காக ஒதுக்கிய இடத்தில் செய்தார்கள். கெசெலின் வளர்ச்சி அளவுகோல் பெரும்பாலும் நியூ ஹேவன் நகர வெள்ளையர் குடும்பக் குழந்தைகளைக் கொண்டு எழுந்தது. ஆலன் லோமாக்ஸ், பார்டெனியெஃப், பாலே ஆகியோர் 1960களில் உலக நடனங்களை ஒப்பிட்டபோது, பிறர் வேறு நோக்கங்களுக்காக வேறு வேகங்களில் எடுத்து வெட்டி ஒட்டிய படங்களையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. சில நிமிடப் படத்தைக் கொண்டு ஒரு பண்பாட்டையே எடைபோடுவதை நடன ஆய்வாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ஜெர்மனியில் 1952-இல் கோட்ஹார்ட் வோல்ஃப் தொடங்கிய அறிவியல் படக் களஞ்சியம் ஒரு படத்துக்கு ஒரே நடத்தை அலகு என்பது போன்ற கட்டுப்பாடுகளால் இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பார்த்தது. ஆனால் அலகு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது. அறியாமல் படமெடுக்கப்பட்டவர்களின் ஒப்புதல் பற்றிய அறக்கேள்வியும் அக்காலத்தில் போதிய கவனம் பெறவில்லை.

இரண்டாம் நிலை: நிறுத்தாதே, சுருக்கு

மெதுவாக்குவதற்கு மாறாகக் காலத்தைச் சுருக்கியவர்களும் உண்டு. 1970களில் நகர ஆய்வாளர் வில்லியம் ஒயிட், நியூயார்க்கின் சீகிராம் கட்டடத்து முற்றம் போன்ற பொதுவெளிகளை மேலிருந்து நோக்கும்படி சூப்பர் 8 கேமராக்களை வைத்து, இடைவெளி விட்டு ஒவ்வொரு பிரேமாகப் பிடித்தார். ஒரு நாளின் நடமாட்டம் சில நிமிடப் படமாகச் சுருங்கியது. மக்கள் எங்கே உட்காருகிறார்கள், வெயில் எப்படி நகர்கிறது, நகர்த்தக்கூடிய நாற்காலியை என்ன செய்கிறார்கள் என்பவை புலப்பட்டன. 1980-இல் வெளிவந்த அவருடைய நூலும் அதற்கு முன்பே நியூயார்க் கட்டட விதிகளில் வந்த மாற்றமும் இந்த முறையின் செல்வாக்குக்குச் சான்று.

இங்கே பிரேம் ஒரு முகபாவத்தின் துண்டு அல்ல, எண்ணிக்கைக்கான அலகு. எந்த நேரத்தில் எத்தனை பேர் எங்கே இருந்தார்கள் என்ற கூற்றை இன்னொருவர் அதே பிலிமை எண்ணிச் சரிபார்க்கலாம். முதல் நிலையைவிட இது உறுதியான தரையில் நிற்கக் காரணம் அதுதான். ஏன் அங்கே உட்கார்ந்தார்கள் என்பதைப் பிலிம் சொல்லாது. அதற்குத் தெருவில் இறங்கிப் பார்த்தாக வேண்டும். இரண்டு பிரேம்களுக்கு நடுவே வந்து போனவர் கணக்கிலேயே இல்லை.

மூன்றாம் நிலை: பிரேம் ஒரு சாட்சி

1963 நவம்பர் 22 அன்று டல்லஸ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதை ஏப்ரகாம் சப்ரூடர் பெல் அண்ட் ஹவல் 8 மி.மீ. கேமராவில் பிடித்தார். 486 பிரேம், சுமார் 26 வினாடி. வீட்டுப் படத்துக்கான கருவி ஒன்று வரலாற்றின் அளவுகோலாக மாறியது. கேமரா சுருள்வில்லால் ஓடுவது. அதன் வேகம் வினாடிக்குச் சராசரி 18.3 பிரேம் என்று எஃப்.பி.ஐ. சோதித்துச் சொன்னது. கொலையை விசாரித்த வாரன் ஆணையத்தின் காலக்கணக்கு இந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. சம்பந்தப்பட்ட துப்பாக்கியில் ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 2.3 வினாடி வேண்டும் என்றால், அது ஏறத்தாழ 42 பிரேம். வில்லின் இழுவிசை சற்று மாறினால் கணக்கும் மாறும்.

இந்தப் பிலிமைச் சுற்றி எழுந்த வாதங்கள் நம் கேள்விக்கு ஒரு சோதனைக்கூடம். 1967-இல் ஜோசையா தாம்சன் 312, 313 ஆகிய பிரேம்களுக்கு இடையே கென்னடியின் தலை முன்னோக்கி நகர்ந்ததை அளந்து, அதன்மேல் ஒரு கருதுகோளைக் கட்டினார். பல பத்தாண்டுகளுக்குப் பின், 313-ஆம் பிரேம் கேமரா ஆட்டத்தால் மங்கியிருப்பதே நகர்வுபோலத் தெரிகிறது என்ற விளக்கத்தை அவரே ஏற்று, 2021-இல் வெளியிட்ட நூலில் நிலையை மாற்றிக்கொண்டார். இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸோ 1976-இல் அதே மங்கலையே தடயமாக எடுத்துக்கொண்டார். வெடியொலி கேட்டு அதிர்ந்த கைதான் படத்தை மங்கச் செய்தது. ஆகவே மங்கிய பிரேம்கள் துப்பாக்கி வெடித்த நேரத்தைச் சுட்டுகின்றன என்பது அவர் வாதம். ஒருவர் அளவீட்டைக் கெடுத்த குறை இன்னொருவருக்கு அளவீடாயிற்று.

இன்னொரு நுட்பம்: அந்தக் கேமரா பிலிமின் துளைகளுக்கு நடுவிலுள்ள பகுதியிலும் படத்தைப் பதித்தது. புரொஜெக்டரில் அது மறைந்துவிடும். அன்றே எடுத்த நகல்களிலும் அது வரவில்லை. அசல் பிலிமைப் பார்த்தவர்க்கு மட்டுமே கிடைத்த காட்சி அது. சாட்சி நிலையின் வலிமை, கேமராவின் வேகம், லென்ஸ், ஷட்டர் ஆகியவற்றைச் சோதித்துப் பிழையின் அளவைச் சொல்லும் ஒழுக்கத்தில் இருக்கிறது. பிரேம் எண்ணில் உடன்பட்டவர்களும் அந்தப் பிரேமின் பொருளில் உடன்படவில்லை என்பது அதன் வரம்பு.

நான்காம் நிலை: கருவியே உண்டாக்குகிறது

கலைஞர்கள் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். நிறுத்தியதும் உண்டாவது புதுப் பொருள் என்றால் என்ன குறை? கென் ஜேக்கப்ஸ் 1905-ஆம் ஆண்டின் சிறு படம் ஒன்றைத் திரையிலிருந்து மறுபடி படமெடுத்து, நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, பிரேமின் மூலைகளுக்குள் நுழைந்து, 1969-இல் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் படமாக விரித்தார். 1975 முதல் அவர் நடத்திய நேரடிக் காட்சிகளில் இரண்டு பகுப்பாய்வு புரொஜெக்டர்களில் ஒரே படத்தின் இரு பிரதிகளை ஒரு பிரேம் வித்தியாசத்தில் நிறுத்தி, முன்னால் சுழலும் இறக்கையால் மாற்றி மாற்றி மறைத்தார். எந்தப் பிலிமிலும் இல்லாத ஆழமும் முடிவின்றி நகர்வதுபோன்ற அசைவும் திரையில் தோன்றின. அளப்பதற்காகச் செய்த கருவி, அளக்கவே முடியாத ஒன்றைக் காட்டியது.

மால்கம் லெ கிரைஸ் 1967-இல் தன் குடும்பத்து 9.5 மி.மீ. படத்தை எடுத்து, அதன் துளைகளும் வழுக்கலும் கீறலும் தெரியும்படி அச்சிட்டார். ஜியானிகியான், ரிச்சி லூக்கி தம்பதியர் சுருங்கிச் சிதைந்த பழைய பிலிம்களைக் கையால் நகர்த்திப் படமெடுக்கும் கேமராவைத் தாங்களே உருவாக்கி, லூக்கா கோமேரியோவின் தொகுப்பிலிருந்து 1986-இல் ஒரு முழுநீளப் படம் செய்தார்கள். பயணக் காட்சிகளுக்குள் பொதிந்திருந்த காலனிய வன்முறையை மெதுவான நகர்வு முன்னுக்குக் கொண்டுவந்தது. மார்ட்டின் ஆர்னால்ட் ஹாலிவுட் படமொன்றின் 18 வினாடிக் காட்சியைப் பிரேம் பிரேமாக முன்னும் பின்னும் தள்ளி, 1989-இல் 16 நிமிடமாக்கினார். வீட்டுக்குத் திரும்பும் கணவனின் சாதாரண முத்தம் அச்சுறுத்தும் சடங்காகிவிட்டது.

கோட்பாட்டாளர்கள் இதை அருகிலிருந்து கவனித்தார்கள். திரைப்படத்தை நிறுத்தாமல் மேற்கோள் காட்ட முடியாது, நிறுத்தினால் அது திரைப்படமாக இருப்பதில்லை என்ற இக்கட்டை ரேமோன் பெலூர் 1975-இல் சுட்டினார். லாரா மல்வி 2006-இல் வெளியிட்ட நூலில், வீடியோவும் டிவிடியும் இந்த நிறுத்தும் உரிமையை எல்லாப் பார்வையாளருக்கும் கொடுத்துவிட்டதை ஆராய்ந்தார். இந்த நிலையின் பலவீனம் அதன் வெற்றியிலேயே உள்ளது. ஆர்னால்டின் முத்தக் காட்சியில் தெரிந்த அச்சுறுத்தல் அசல் படத்தில் அடங்கியிருந்ததா, திணிக்கப்பட்டதா? விமர்சகர்கள் முதலாவதைச் சொல்ல விரும்புகிறார்கள். அதே உத்தியை எந்த முத்தத்தின்மேல் பிரயோகித்தாலும் அச்சுறுத்தல் கிடைக்கும் என்றால், அந்த வாதம் நிற்காது.

ஐந்தாம் நிலை: மாறுவது பார்ப்பவரின் தீர்ப்பு

அண்மைக் காலத்தில் கேள்வி படத்திலிருந்து பார்வையாளருக்கு இடம் மாறியிருக்கிறது. 2016-இல் கரூசோ, பர்ன்ஸ், கான்வெர்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வன்செயல் பதிவை மெதுவியக்கத்தில் பார்த்தவர்கள் செய்தவருக்குக் கூடுதல் உள்நோக்கம் இருந்ததாகக் கருதினார்கள். யோசிக்க அவருக்கு நேரம் இருந்ததுபோல் தோன்றுவதே காரணம். உண்மையில் எவ்வளவு நேரம் கழிந்தது என்று திரையில் காட்டியபோதும் இந்தச் சாய்வு முழுதாக மறையவில்லை. ரோட்னி கிங் வழக்கில் காவலர்கள் அவரை அடித்த வீடியோவைக் காவலர் தரப்பு வழக்கறிஞர்கள் பிரேம் பிரேமாகப் பிரித்து வேறு கதை சொன்னதை 1994-இல் சார்லஸ் குட்வின் ஆராய்ந்தார். பிரேமைப் படிக்கக் கற்றுத்தருகிறவர் யாரோ அவரே அதன் பொருளையும் தருகிறார் என்பது அவருடைய கட்டுரையின் சாரம்.

கிரிக்கெட் உலகம் இதே பாடத்தை இலங்கைப் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரன் விவகாரத்தில் படித்தது. 1995 டிசம்பரில் மெல்போர்னில் அவர் பந்தை எறிகிறார் என்று நடுவர் தீர்ப்பளித்தபின், மெதுவியக்கக் காட்சிகள் அந்த ஐயத்தை வளர்த்தன. பிறவியிலேயே முழுதாக நீளாத முழங்கை, தட்டையான படத்தில் எறிவதுபோல் மாயத்தோற்றம் தருகிறது என்று 1996-இல் ஆய்வகச் சோதனைகள் கூறின. பின்னர் பல கோணங்களில் அளந்தபோது, முறையாக வீசுவதாகக் கருதப்பட்ட ஏராளமான பந்துவீச்சாளர்களின் முழங்கையும் ஓரளவு நிமிர்வது தெரியவந்தது. 2005-இல் எல்லோருக்கும் 15 பாகை என்ற வரம்பு வந்தது. ஒரே கோணத்தில் மெதுவாக்கிய படம் ஐயத்தைத்தான் தந்தது. அளவைத் தந்தது பல கேமராக்களின் கணக்கு.

இந்த நிலைக்கும் ஒரு குறை உண்டு. மெதுவியக்கம் உள்நோக்கத் தீர்ப்பைச் சாய்க்கிறது என்பதால், அசைவின் அளவீட்டையும் சாய்க்கிறது என்று ஆகாது. கால் எப்போது தரையைத் தொட்டது என்பதும், அடிக்க வேண்டும் என்று அடித்தாரா என்பதும் வேறு வேறு கேள்விகள்.

ஸ்கேனருக்குப் பின்

இன்று சிறு அளவுப் பிலிம் பெரும்பாலும் புரொஜெக்டரில் ஓடுவதில்லை. ஸ்கேனரில் ஒவ்வொரு பிரேமாக டிஜிட்டலாகிறது. துளைகளும் ஓரங்களும் சேர்த்துப் பதிவாவதால், புரொஜெக்டர் ஒளித்ததை இப்போது காண முடிகிறது. பிலிமும் விளக்கின் சூட்டில் வதைபடுவதில்லை. ஆனால் புதிய சிக்கல்கள் முளைக்கின்றன. 16, 18 பிரேம் வேகத்தில் எடுத்த படத்தை 24, 25 பிரேம் வீடியோவாக மாற்றும்போது சில பிரேம்கள் இரட்டிக்கின்றன, அல்லது இரண்டு கலந்து ஒன்றாகின்றன. சுருக்கிச் சேமித்த வீடியோவில் பல பிரேம்கள் முன்பின் பிரேம்களிலிருந்து கணித்துக் கட்டியவை. செயற்கை நுண்ணறிவு கொண்டு பழைய படத்தை வழவழப்பாக்கும்போது, கேமரா ஒருபோதும் பிடிக்காத பிரேம்களே நடுவில் நுழைகின்றன. பிலிமின் ஒவ்வொரு பிரேமும் ஒரு தனி ஒளிப்பதிவு என்ற உறுதியின் மேல்தான் காண்டனும் வாரன் ஆணையமும் வாதிட்டார்கள். டிஜிட்டல் பிரதியை மட்டும் வைத்து அவர்களைச் சரிபார்க்க முயல்கிறவருக்கு அந்த உறுதி தானாகக் கிடைக்காது.

மதிப்பீடு

ஐந்து நிலைகளையும் ஒருசேரப் பார்த்தால் ஓரளவு நிதானமான முடிவுக்கு வரலாம். எப்போது, எங்கே, எத்தனை என்ற கேள்விகளுக்கு நிறுத்திய பிரேம் நம்பத்தக்க விடை தரக்கூடும். கேமராவின் வேகமும் கோணமும் பிழை அளவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. குதிரையின் கால், ஒயிட்டின் முற்றம், சப்ரூடர் பிலிமின் காலக்கணக்கு ஆகியவை இந்த வரம்புக்குள் நிற்கின்றன. ஏன், எந்த நோக்கத்தோடு என்று கேட்கும்போது பிரேமின் அதிகாரம் விரைவாகக் குறைகிறது. மெதுவாக்குவதே விடையை ஒரு பக்கம் சாய்க்கக்கூடும். பெர்க்சனின் மறுப்பு அளவீட்டை முறியடிக்கவில்லை. அளந்தவுடன் இயக்கத்தைப் புரிந்துகொண்டோம் என்ற மிதப்பைத்தான் அது தொடுகிறது.

தீராத கேள்விகள் மூன்று எஞ்சுகின்றன. மனித நடத்தைக்கு இயல்பான கால அலகு ஏதேனும் உண்டா, அல்லது வினாடியில் 24-இல் ஒரு பங்கு என்ற கேமராவின் பழக்கத்தை உடலின் மேல் ஏற்றிவிட்டோமா என்பது முதலாவது. வெவ்வேறு வேகத்தில் எடுத்த படங்களில் ஒரே நடத்தையை, முடிவு தெரியாதவர்களைக் கொண்டு குறிக்கச் செய்தால் இதில் ஓரளவு தெளிவு கிடைக்கலாம். கலைஞரின் நிறுத்தம் அசலில் இருந்ததை எடுத்துக்காட்டுகிறதா, புதிதாகச் செய்கிறதா என்பது இரண்டாவது. அதே உத்தியை வேறு காட்சிகளிலும் பொருத்திப் பார்க்கும் ஒப்பீடு இதுவரை அரிதாகவே நடந்திருக்கிறது. மூன்றாவது நடைமுறை சார்ந்தது. பழைய ஆய்வுகளை மறுபடி சோதிக்கப் பிலிம் மட்டும் போதாது. அது எந்தக் கேமராவில், எந்த மாற்றத்தோடு, எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது, எந்த புரொஜெக்டரில் படிக்கப்பட்டது என்ற குறிப்பும் வேண்டும். ஆவணக் காப்பகங்கள் பிலிமைக் காப்பதில் காட்டிய அக்கறையை இந்தக் குறிப்புகளுக்கும் கருவிகளுக்கும் காட்டினால், மேற்சொன்ன பூசல்களில் சிலவாவது தீர்க்கக்கூடியவை ஆகும்.